துரை அறையில் இராசாத்தி

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டமொன்றில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே மேட்டில் நின்ற துரை பங்களாவுக்கு அழகேசன்தான் காவல். அது ரப்பர் தோட்டமாயிருந்த காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிய வீடு. ஆள் உயரத் தூண்களின் மேல் மரத்தளம், நாலு பக்கமும் வராந்தா, சுவரில் பாதிக்குச் சன்னல். வெயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று உள்ளே வந்துவிடும்.

குசினி மட்டும் தனி. புகையும் சமைக்கிறவர்கள் வாடையும் துரையின் மூக்குக்குப் போகக்கூடாதென்று பின்னால் தள்ளி, தாழ்ந்த தகரக் கூரை போட்டுக் கட்டி, ஒரு நடைபாதையால் பங்களாவோடு இணைத்திருந்தார்கள். மானேஜர்கள் டவுனுக்குக் குடிபோனபின் பங்களா காலியாகவே கிடந்தது. குசினியை ஒட்டிய அறையில் அழகேசனும் மனைவி இராசாத்தியும் காலம் தள்ளினார்கள்.

இராசாத்திக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அந்தத் தகரத்துக்கடியில் வெந்தாள். முதுகில் புண் வைத்தது. ஒரு நாள் உச்சி வெயிலில், "மூச்சு முட்டுதுங்க" என்றாள்.

அழகேசன் யோசிக்கவில்லை. அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையைத் தாண்டினார். பெரிய படுக்கையறையில் பாயை விரித்துக் கிடத்திவிட்டுச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். காற்று வந்தது.

"இது நம்ம எடமில்லீங்க" என்று குழறினாள்.

"பேசாம தூங்கு."

பல மாதம் கழித்து அன்றுதான் அவள் நன்றாகத் தூங்கினாள். அதன்பிறகு அவர் அவளைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

மானேஜர் சைபுல் ஒருநாள் வந்து பார்த்துவிட்டான். சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் மாமாக் வீட்டுப் பிள்ளை, நல்லவன்தான். கதவருகே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, இந்த வீட்ட வித்தாச்சு. பலகை பலகையா கழட்டி லங்காவித் தீவுல ஓட்டலா நிறுத்தப் போறாங்க. அண்ணிய குசினிக்கே கொண்டுபோயிருங்க. என் கையில ஒண்ணும் இல்லலா."

"அங்க போனா செத்துருவா சார். இந்த அறைய மட்டும் கடைசியா கழட்டச் சொல்லுங்க."

சைபுல் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டைக் கழட்ட வந்த ஆட்கள் வேலையை மறுகோடியில்தான் தொடங்கினார்கள்.

முதலில் பலகைக்குப் பலகை வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டார்கள். இராசாத்தியின் தலைமாட்டுச் சுவருக்கும் ஒருவன் பிரஷ்ஷோடு வந்து, அவளைப் பார்க்காமல் எழுதிவிட்டுப் போனான்.

"என்னங்க எழுதுறாங்க?"

"கரையான் இருக்கான்னு பாக்குறாங்க."

"பொய் சொல்லாதீங்க. பிரிக்கப் போறாங்க." கூரையைப் பார்த்தாள். "நான் போறவரைக்கும் நிக்குமா?"

அவர் அவள் வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்தார்.

முன் வராந்தாவின் ஓடுகள் இறங்கிய வாரம், விடியற்காலையில் கஞ்சியோடு வந்தவர் அவள் கண் திறந்தபடி கிடப்பதைப் பார்த்தார். உடம்பில் இன்னும் சூடிருந்தது. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சொந்தங்கள் வந்தார்கள். வேலைக்காரர்கள் ஏறி இறங்கும் பின்படி உளுத்துப்போயிருந்தது. பாடையையும் நாலு ஆளையும் தாங்காது. இராசாத்தியின் அண்ணன் முனியாண்டி, அகலமான முன்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், இந்த வழியா போலாமா?"

"யாரைக் கேக்கணும்?" என்றார் அழகேசன். அவர் சத்தம் போட்டதை அன்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

கூரையில் இருந்த ஆட்கள் வேலையை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்கள். இராசாத்தி முன்படியில் இறங்கினாள்.

காரியம் முடிந்த மறுவாரம் பங்களா லாரிகளில் போனது. குசினியை யாரும் வாங்கவில்லை. மண்வாரி எந்திரம் ஒரே தள்ளில் சாய்த்தது. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மகள் ரூபினி, அழகேசனைச் சுங்கைப்பட்டாணியில் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கே கை தூக்கினால் கூரை இடிக்கிற மாதிரி இருந்தது. புழுக்கம் தாளாமல் அவர் வாசலுக்கு வெளியே பொது நடைவழியில் பாய் போட்டுப் படுத்தார். அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள்.

"அப்பா, உள்ள வந்து படுங்கப்பா. எனக்குத்தான் கேவலம்" என்றாள் ரூபினி, அழாத குறையாக.

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.