பெரியப்பாவின் கை

யூலியா ஒஸ்லோவில் பஸ் சாரதி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, கானா நாட்டவனான க்வேக்குவை மணந்து அந்நகரின் ரொம்மன் பகுதியில் குடியிருக்கிறாள். மகள் அமா பிறந்தபோது கிடைத்த விடுப்பில்தான் முதன்முதலாகத் தூரிகை பிடித்தாள்.

அவள் வரைந்ததிலேயே பெரிய ஓவியம், அமாவுக்குப் பெயர் வைத்த காலையைப் பற்றியது. பிறந்த எட்டாம் நாள், க்வேக்குவின் சொந்தமெல்லாம் வெள்ளை உடுத்திச் சின்ன வரவேற்பறையில் நெருக்கியடித்து நின்றது. அவனுடைய பெரியப்பா தண்ணீரில் விரலைத் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். தண்ணீரைத் தண்ணீர் என்றே சொல்லும் வாயாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். க்வேக்கு கையை நீட்டித் தன்னையும் சேர்த்து ஒரு செல்பி எடுத்தான். மூன்று வருடம் கழித்து அதைப் பார்த்துத்தான் வரைந்தாள்.

வட்டார நூலகம் அதைச் சனிக்கிழமைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டது. புதனன்று அங்கே சுவரில் மாட்டியதும் முதலில் பார்க்க வந்தவள் க்வேக்குவின் தங்கை எஃபுவா. வெகுநேரம் நின்றாள். “அழகாக இருக்கிறது” என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் போய்விட்டாள்.

யூலியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டு விசேஷத்தை வரைய நீ யார் என்று நினைத்தாளோ? முகங்களின் கறுப்பு சரியாக வரவில்லையோ? மறுநாள் பஸ்ஸை ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தாமலே போய்விட்டாள். பின்னாலிருந்து மணி அடித்தபடியே இருந்தது. க்வேக்குவோ, “அவளுக்கு வேலைக் களைப்பு” என்று முடித்துவிட்டான்.

மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய் ஓவியத்தைப் படமெடுத்து, துரொண்ட்ஹெய்மில் இருக்கும் அண்ணன் செபஸ்ரியனுக்கு அனுப்பினாள். அவன் அவளுடைய கலியாணத்துக்கும் வராதவன், பெயர் வைக்கவும் வராதவன். உடனே அழைத்தான்.

“ஏன் அந்த மனிசன் இடக்கையாலை வைக்கிறார்?”

“எங்கை?”

“வடிவாப் பார். பிள்ளையின்ரை வாயிலை இடக்கை. எங்கடை ஆக்களும் இதுக்கு விடமாட்டினமே.”

செல்பி இடவலம் மாறிப் பதிவாகியிருந்தது. க்வேக்குவின் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீரைக்கூட இடக்கையால் நீட்டக் கூடாது. எஃபுவா பார்த்தது இதைத்தான்.

“ஏன் அமா எண்டு வைச்சனீங்கள்?” என்று கேட்டான் அண்ணன்.

“சனிக்கிழமை பிறந்தவள். அண்டைக்குப் பிறந்த பொம்பிளைப் பிள்ளையெண்டால் அமாதான்.”

அவன் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவள்தான் போனை வைத்தாள்.

வெள்ளி பின்னேரம், ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, நூலகம் பூட்டும்வரை திருத்தினாள். வலக்கையைப் பிள்ளையிடம் கொண்டுவர, அதைக் குறுக்கே நீட்டி வரைவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பிள்ளையை ஏந்தி நின்ற அவளுடைய சொந்த முகத்தில் பாதியை அந்தக் கை மறைத்தது.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார்.

“என் கை எப்போது இவ்வளவு நீளமானது?”

கூட்டம் சிரித்தது. எஃபுவா மெல்ல அருகில் வந்தாள்.

“நான் புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். நீ அழுவாயோ என்று பயந்தேன்.”

“நீ சொல்லாததால்தான் அழுதேன்,” என்றாள் யூலியா.

எஃபுவா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுடைய தோளுக்கு மேலால் யூலியா மறுபடியும் அந்தக் கையைத்தான் பார்த்தாள். உண்மையிலேயே நீளம்தான். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் குறைக்க வேண்டும்.