சத்தமில்லாத பூசை

எங்கள் அண்ணனை மைக்செட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கல்யாணமோ கூட்டமோ, ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். சாமி நம்பிக்கை துளியும் கிடையாது. அண்ணி கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் அவரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு அண்ணன் டீக்கடைக்குப் போய்விடுவார்.

அண்ணிக்குக் காது மந்தமாகி, கடைசியில் சுத்தமாகக் கேட்காமல் போனது. மெஷின் வைத்தால் இரைச்சல்தான் வந்தது. அப்போதுதான் பழைய முறை லத்தீன் பூசைக்குப் போக ஆரம்பித்தார். அதில் சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று, முக்கால்வாசி ஜெபத்தை வாய்க்குள்ளேயே சொல்வாராம். மற்றவர்கள் முழந்தாளிட்டு இருந்தால் போதும்.

"அங்க எல்லாருமே என்னை மாதிரிதாங்க" என்று அண்ணி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அண்ணன் அந்தப் பூசையை மதித்தார்.

திடீரென்று மறைமாவட்ட ஆயர் அதை நிறுத்தி, இனி தமிழ்ப் பூசை மட்டும்தான் என்றுவிட்டார். புரியாத பாஷை எதற்கு என்று ஒரு கட்சி, பாரம்பரியம் போச்சு என்று இன்னொரு கட்சி. லத்தீன்காரர்கள் கண்டனக் கூட்டம் போட்டார்கள், மைக் அண்ணனுடையது. மைக்கே வேண்டாத பூசைக்கு மைக் வைத்துச் சண்டை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்.

"ஜனங்களுக்குப் புரியணும் இல்லையா?" என்றார் அவர்.

"அவளுக்கு அதுதான் ஃபாதர் புரிஞ்சுது."

"என் கையில எதுவும் இல்லைங்க. மேலிடத்து உத்தரவு."

லத்தீன் கட்சித் தலைவர் ஒரு வக்கீல். அண்ணன் போய்ச் சொன்ன விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். "உங்க சம்சாரத்தை மேடை ஏத்திடலாம் சார். பேப்பர்ல போட்டோ வரும்!" அண்ணன் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் முதல்முறையாகக் கோயிலுக்குள்ளேயே வந்தார். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சாமியார் சொல்லச் சொல்ல, ஜனங்கள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அண்ணிக்குப் பதிலெல்லாம் மனப்பாடம். எப்போது சொல்வதென்றுதான் தெரியவில்லை. அவருக்கு முன்வரிசைக்காரர்களின் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அண்ணனின் வாயைப் பார்த்தார்.

அண்ணனுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. பாவம், சும்மாவாவது வாயை அசைத்தார். அண்ணியும் அதைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் முடித்த பிறகும் அவர் குரல் மட்டும் தனியாக ஓடியது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி நிறுத்தினார். அண்ணனின் கையைப் பிடித்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"விடுங்க, வீட்டுக்குப் போயிடலாம்."