எழுத்தாளரின் கடைசி அறை

ஒரு திங்கட்கிழமை காலையில், என் மாமனைக் கொன்றது நான்தான் என்று நம்பினேன். கொலைக்கு நான் பயன்படுத்தியது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை. அப்போது எனக்குப் பதினோரு வயது. இன்றைக்கும் நல்லூர் டீக்கடையில் என்னைப் பார்த்தால், "மாமன் ஆத்துல கெடச்சாருங்களா சாமி?" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார். பனியன் கம்பெனியில் டெய்லர். அங்கே ஒரு பனியனை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருவர் கழுத்து, ஒருவர் கை, ஒருவர் அடிமடிப்பு. பக்கத் தையலுக்குள், எப்படித் துவைப்பது என்று இங்கிலீஷில் அச்சடித்த வாஷ்கேர் லேபிளை வைத்துத் தைப்பது மாமனின் பங்கு. "நீ பொறந்த வருசம் ஒக்காந்தேன் மாப்ளே, இன்னும் எந்திரிக்கல" என்பார்.

அந்த அறையில் அத்தையும் இருந்தாள். அவர்களுக்குப் பிறந்த குழந்தை பத்து நாள்கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. சண்டையும் கிடையாது. ஒருநாள் அத்தை மடத்துக்குளத்திலிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனாள். நான்கு மாதமாகியும் வரவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "அவளாக் கூப்புடட்டும்ங்க்கா. கூப்புடாம எப்படிப் போறது?" என்று மாமன் எழுந்து போய்விடுவார்.

அப்பாவின் ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் மாமன் ஒரு சிடி வாங்கி வந்தார். அட்டையில் ஒரு மனிதர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முகமில்லாத ஓர் உருவம் நின்றது. "பேய்க்கதை மாப்ளே. ஆனா இந்தாளு எதுக்கு எழுதறான்னு தெரியல" என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த மனிதர் ஒரு நாவலாசிரியர். மனைவி விட்டுப் போன பிறகு மலைமேல் ஒரு பங்களாவில் தனியாகக் குடித்துக்கொண்டு ஒரே புத்தகத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறார். கிழித்துப் போட்ட ஒவ்வொரு பக்கத்திலிருந்தும், பாதி எழுதப்பட்ட ஓர் ஆள் முகமில்லாமல் எழுந்து வராந்தாவில் நடக்கிறான். அவர்களிடம் பிடிபடாமல் அறை அறையாகப் போய்த் துண்டுக் காகிதங்களைப் பொறுக்கிச் சேர்த்தால், எழுத்தாளரின் வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். அதுதான் விளையாட்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஜன்னலில் கறுப்பு பனியன் துணியைத் தொங்கவிட்டு உட்காருவோம். பேய் வந்தால் மாமன் கத்தமாட்டார். அவருடைய வலது கால் மட்டும் மேசைக்கடியில் தையல் மிஷின் பெடலை மிதிப்பதுபோல வேகமாக மிதிக்கும். நான் கத்துவேன். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்துவேன்.

ஆனால் காகிதங்களெல்லாம் இங்கிலீஷில் இருந்தன. மாமன் எட்டாவதோடு நின்றவர். நான் இங்கிலீஷ் மீடியம். ஆகவே படித்துச் சொல்வது என் பொறுப்பு. உண்மையைச் சொல்கிறேன், பத்து வார்த்தையில் எனக்கு நான்கு தெரியும். மற்றதை நானே இட்டுக்கட்டினேன். எழுத்தாளரை யாரோ கடிதத்தில் கடிந்துகொண்டபோது, "சூப்பர்வைசர் திட்டறாருங்க மாமா" என்றேன்.

"கதை எழுதறவனுக்குமா சூப்பர்வைசரு?" என்று மாமன் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எந்தக் காகிதம் கிடைத்தாலும் அவர் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார். "அந்தம்மா ஏன் போனாங்களாம்? அதப் போட்டிருக்குதா?"

கடைசி அறைக்குள் நுழைய எங்களுக்கு ஆறு ஞாயிறு ஆனது. அங்கே பேய் இல்லை. மேசைமேல் மனைவி எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. பெரிய எழுத்தில் மூன்றே வரி. அந்த விளையாட்டிலேயே ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் எனக்குப் புரிந்த முதல் காகிதம் அது. என்னைத் தேடி வரவேண்டாம். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். என்னை விட்டுவிடுங்கள்.

"என்ன மாப்ளே, போட்டிருக்குது?"

மாமனின் முகத்தைப் பார்த்தேன். கால் மிதிப்பதை நிறுத்தியிருந்தது.

"வந்து கூட்டிட்டுப் போங்கன்னு எழுதியிருக்காங்க மாமா."

மாமன் திரைக்கு அருகே குனிந்து, முதல் வரிமேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார்.

"அப்படியா எழுதியிருக்குது?"

"ஆமாங்க மாமா."

"மறுக்காப் படி கண்ணு."

மறுபடி படித்தேன். இந்த முறை, ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரியைக் கூடுதலாகவும் சேர்த்தேன். வந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டுமல்லவா.

பிறகு திரையில் எழுத்தாளர் எழுந்தார். படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போனார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர்மேல் கிடந்த பனிமூட்டத்துக்குள் நடந்தார். திரை இருண்டது.

"எங்கடா போறான்?"

"அந்தம்மா ஊட்டுக்குங்க மாமா."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, மாமன் ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். நான் பின்பக்கம் ஓடினேன். அறை பூட்டியிருந்தது. வாசலில் மாமனின் ரப்பர் செருப்பு கிடந்தது.

இதற்கு மேல் ஒரு துப்பறிவாளனுக்கு என்ன வேண்டும்? எழுத்தாளரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார். மாமனை ஆற்றுக்கு அனுப்பியது என் வாய். பள்ளிக்கூடப் பையோடு நொய்யல் ஆற்றுக்கு ஓடினேன். வழியில் மொட்டை நேர்ந்துகொண்டேன். என் ஒரு தலை போதாதென்று தோன்றியதால் அப்பாவின் தலையையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆறு அன்று பச்சையாக ஓடியது. அந்த வாரம் சாயப்பட்டறைகள் பச்சைச் சாயம் விட்டிருக்கும். நான் போட்ட சத்தத்தில் டீக்கடையிலிருந்து ஓர் ஆள் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், சாயப்பட்டறையில் வேலை.

"ஏலே, அழாம சொல்லு. யாருல விழுந்தது?"

"எங்க மாமா. பேய் பங்களாவுல லெட்டரப் படிச்சுப்போட்டு விழுந்துட்டாருங்க."

அவர் எந்தப் பங்களா என்றுகூடக் கேட்காமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் கழியுடன் தண்ணீரில் இறங்கினார். அரை மணி நேரம் துழாவினார். இடுப்புவரை பச்சையாக ஏறி வந்து, "இல்லடே" என்றார். அந்தப் பச்சை போக அவருக்கு எத்தனை நாளானதோ, நான் அந்த டீக்கடைப் பக்கம் ஒரு மாதம் போகவில்லை.

அம்மா வந்தாள். நான் செருப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, எதையும் மறுத்தும் பேசவில்லை. கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டர் பேயைப் பற்றி உளறுகிற ஒரு பையனை அம்மா ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினாள் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

மாலை நான்கு மணிக்கு மாமன் வந்தார். கல்யாணச் சட்டை, கல்யாணத்துக்கு வாங்கிய தோல் செருப்பு, கையில் ஒரு பை தேங்காய். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்னாச்சுங்க்கா?" என்றார்.

அம்மா அவரை முதுகில் இரண்டு அடி அடித்தாள். "சொல்லிட்டுப் போகமாட்டயாடா?"

"மடத்துக்குளம் போயிருந்தங்க்கா."

அம்மாவின் கை நின்றது. "வர்றாளாமா?"

"இல்லீங்க்கா." தேங்காய்ப் பையைக் கீழே வைத்தார். "உக்காருங்கன்னா. காப்பி குடுத்தா. கொழந்தயப் பத்தி ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசுனோம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்."

அத்தை அன்று வரவில்லை. பிறகும் வரவில்லை. மாமன் அதற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் வருடக்கணக்கில் அந்தப் பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இங்கிலீஷ் தெரியாத மனிதரை ஏமாற்றி அனுப்பிவிட்டோம், மூடியிருந்த கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்று.

பன்னிரண்டாவது முடித்த லீவில் மாமனின் கம்பெனிக்கே வேலைக்குப் போனேன். லேபிள் கட்டுகளைப் பிரித்து அவர் கைக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டாம் நாள் ஒரு கட்டைத் தலைகீழாக நீட்டினேன். மாமன் மிஷினை நிறுத்தவேயில்லை.

"திருப்பு மாப்ளே. டூ நாட் மேல வரோணும்."

லேபிளைப் பார்த்தேன். டூ நாட் ப்ளீச். டூ நாட் அயர்ன். வெள்ளை நாடாவில் வரிசையாக, கட்டுக் கட்டாக.

"டூ நாட்னா என்னங்க மாமா?" என்று கேட்டேன்.

"பண்ணாதேன்னு அர்த்தம்" என்றார், அடுத்த பனியனை இழுத்துக்கொண்டே.

கடைசி அறையிலிருந்த அந்தக் கடிதத்தின் முதல் வரி டூ நாட் என்றுதான் தொடங்கியது. மாமன் அதை விரல் வைத்துப் படித்துவிட்டு, என்னை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் மடத்துக்குளத்துக்கு பஸ் ஏறினார்.