போர்த்தாத பொன்னாடை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தள்ளிப்போட்டேன். முருகனைக் கூப்பிடுகிற வாயால் வாத்தியாரைப் பழிக்கலாமா என்கிற பயம்தான். இப்போது அந்தப் பயம் இல்லை.

பத்தாம் வகுப்புப் பரிட்சைக்கு முன்னால் எங்களை எல்லாம் சென்னிமலைக்குக் கூட்டிப்போய், பேனாக்களை முருகன் பாதத்தில் வைத்து அர்ச்சனை செய்து தருவார்கள். அந்தத் தட்டில் என் நீலப் பேனாவும் இருந்தது. கணக்கு எனக்கு வராது. பாதி வருசம் கணக்கு வாத்தியாரே இல்லாத அரசுப் பள்ளியில் யாருக்குத்தான் வரும்? ஆனாலும் விடாமல், தறிச் சத்தத்துக்கு நடுவே வாய்விட்டுப் படித்தேன்.

மலைக்குப் போய்வந்த மறுநாள் சாயங்காலம் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தோள் துண்டாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஏனுங்க, அம்மணி இந்தத் தடவை எழுத வேண்டாமுங்க. பரிட்சைக்கு வராத புள்ளையச் சதவீதத்துல சேக்க மாட்டாங்க. எழுதி ஃபெயிலாச்சுன்னா நூத்துக்கு நூறு போயிருமுங்க. ஜூன்ல நானே எழுத வெச்சுப்போடறேன்."

"நீங்க சொன்னாச் சரிங்க சார்" என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்து, நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பரிட்சை நாளில் தறிக்கு நூல் சுற்றினேன். ஜூன் வருவதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அப்புறம் நான் எழுதவே இல்லை. 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற பேனர் மட்டும் பள்ளி வாசலில் வெகுநாள் தொங்கியது.

இன்று என் மகள் அங்கேதான் படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. போன மாசம் ஆண்டு விழாவுக்கு, நூறு சதவீதம் வாங்கித் தந்தவர் என்று அவரை அழைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்த என்னைக் கூப்பிட்டார்கள்.

"என்ற ஸ்டூடண்டா அம்மணி நீ? எந்த வருசம்?" என்று சிரித்தார்.

"நீங்க நூத்துக்கு நூறு வாங்குன வருசமுங்க சார். பரிட்சைக்கு வர வேண்டாம்னு நிறுத்துன புள்ள நான்தானுங்க."

பக்கத்திலிருந்த மைக் எல்லாவற்றையும் கூட்டத்துக்குச் சொன்னது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அதெல்லாம் ஸ்கூல் நல்லதுக்குத்தான் அம்மணி" என்றார்.

"அப்ப ஸ்கூலே போத்தட்டுமுங்க" என்று பொன்னாடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அதை எடுத்துப் போர்த்த வேறு யாரும் எழுந்து வரவில்லை. விழா முடியும்வரை அவர் வெறுந்தோளோடு உட்கார்ந்திருந்ததை, கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மலையேறி, நடந்ததை முருகனிடம் சொன்னேன். மன்னிக்கிற மனசைத் தா என்று கேட்கவில்லை. தைரியம் கொடுத்ததற்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எழுதியிருப்பதை மாற்றாமல் சொல்லுங்கள். கடைசியில் நான் அவர் காலில் விழுந்தேன் என்று ஊரில் சிலர் இப்போதே சேர்த்துச் சொல்கிறார்கள். நான் விழவில்லை.