சந்தனத்துக்கடியில் மஞ்சள் விளக்கு

கொழுந்தன் பொண்டாட்டி கார் வாங்கினதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். என் மகன் அடுத்தவர் காரைத்தான் ஓட்டினான். ஆயுத பூசைக்கு மறுநாள் உத்தமபாளையத்துக் கல்யாணத்துக்குப் போகையில், எனக்கு வாந்தி வருமென்று, அவள் பின்சீட்டில் ஏறிக்கொள்ள, என்னை முன்சீட்டில் கார் ஓட்டின கொழுந்தன் பக்கத்தில் உட்கார வைத்தாக. மீட்டர் கண்ணாடியில் பூசைக்கு அவள் அப்பியிருந்த சந்தனம் என் பக்கம் மட்டும் உதிர்ந்திருந்தது, அவர் பக்கம் மூடியே கிடந்தது. உதிர்ந்த இடத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. வண்டி குலுங்கியது.

“ரோடு சரியில்ல மதினி” என்றார் கொழுந்தன்.

அந்த விளக்கு மினுக்கினால் உடனே ஓரங்கட்டணும் என்று மகன் சொல்லியிருக்கிறான். கெட்டால் கெடட்டும் என்று ரெண்டு ஊர் தாண்டும்வரை பேசாமலிருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் மெல்லச் சொன்னேன். அவர் ஓரங்கட்டினார். வந்து பார்த்த மெக்கானிக், “இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா எஞ்சினே போயிருக்கும்” என்றார்.

“அக்கா கண்ணு எந்நேரமும் என் வண்டி மேலதான்” என்று அவள் சிரித்தாள். நிசம்தானே.