டாப் கியரும் மாமனாரின் ஜெபமும்

எங்கள் காருக்கு மூன்று கியர். முதல் இரண்டும் ஒழுங்கான பிள்ளைகள். போட்ட இடத்தில் இருக்கும். மூன்றாவது, அதாவது டாப் கியர், என்னைப் போல. ராஜபாளையத்தைத் தாண்டி வண்டி வேகம் பிடித்து, நானும் ஒரு முதலாளி மாதிரி முதுகை நிமிர்த்தி உட்காரும் நேரம் பார்த்து, கியர் கம்பி தானாகத் துள்ளி நடுவுக்கு வந்துவிடும். என்ஜின் வெறிபிடித்து அலறும். வண்டியோ, எனக்கென்ன என்று தளர்ந்து நிற்கப் பார்க்கும். நாங்கள் முந்தி வந்த மாட்டு வண்டியெல்லாம் மறுபடி எங்களை முந்திப் போகும்.

இரண்டாவது கியரிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் ரேடியேட்டர் கொதித்து, வழியில் உள்ள கிணறுகளுக்கெல்லாம் நான் உறவுக்காரன் ஆகிவிட்டேன். அது யுத்த காலம். பெட்ரோலோ கூப்பனுக்கு அளந்து ஊற்றுவது. அதையும் இந்த வண்டி இரண்டாவது கியரில் மோர் குடிப்பதுபோலக் குடித்தது.

வண்டியை வாடகைக்கு ஓட்டினேன். என் சவாரிகள் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகிறவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் வழக்கே போய்விடும். தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்கு என் வண்டியாலேயே அப்படிப் போய்விட்டது. திரும்பும்போது அவர் பஸ் ஏறும் இடத்தில் நின்று, "இவன் வண்டியில ஏறுறதுக்கு எதிராளிகிட்டயே நெலத்தக் குடுத்துட்டு நடந்து போயிரலாம்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அதோடு சவாரி நின்றது.

இந்தக் காரை வாங்கத்தான் சோழபுரத்தில் எனக்கிருந்த ஒரே புஞ்சைக் காட்டையும் விற்றிருந்தேன். விற்றது பெரிதல்ல, விற்கும் முன் பேசிய பேச்சுத்தான் பெரிது. அதுவரை மாமனாரின் மளிகைக் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். மாமனார் பக்தியுள்ள கிறிஸ்தவர். நாங்கள் எல்லோரும் அதே சபைதான். ஆனால் அவருடைய பக்தி என் பக்கமாகவே பாயும். தினமும் கடை திறந்ததும் வாடிக்கைக்காரர், கணக்குப்பிள்ளை எல்லோரையும் நிறுத்தி வைத்து, கண்ணை மூடிச் சத்தமாக ஜெபம் செய்வார்.

"ஆண்டவரே, எங்கள் குடும்பத்தில் ஒரு சோம்பேறி இருக்கிறான். அவனை நீரே தட்டி எழுப்பும்."

பெயர் சொல்ல மாட்டார், அவ்வளவு நாகரிகம். ஆனால் மூடிய கண்களில் ஒன்று பாதி திறந்து என்னைப் பார்க்கும். ஒரு நாள் "ஆமென்" சொல்ல வேண்டிய இடத்தில், "மாமா, இனி இந்தக் கடைக்குள்ள என் காலு படாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச் செயல். அதற்குத்தான் இப்போது டாப் கியர் துள்ளிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் மெக்கானிக், வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர், கியர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சாவு வீட்டுக்குள் நுழைந்தவர்போலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏமண்டி, பல்லுச் சக்கரம் தேஞ்சு போச்சு. புதுசு சீமையிலருந்து கப்பல்ல வரணும்."

"கப்பல் எப்ப வரும்?"

"அத ஜெர்மன்காரன்கிட்டதான் கேக்கணும்."

"வேற வழியே இல்லையா?"

"தேஞ்ச எடத்துல இரும்ப உருக்கி வச்சு அராவிப் பாக்கலாம். நின்னா நிக்கும். ஓடயில பிச்சுக்கிச்சுன்னா மத்த சக்கரத்தையும் அரைச்சிரும். பொறவு பழைய இரும்புக்குத்தான் போடணும்." கொஞ்சம் தயங்கி, "எனக்கே பயமாத்தான் இருக்கு. ஓடுறப்பவே வித்துருங்க" என்றார்.

ஆக, ரிப்பேர் பார்த்தால் வண்டி மொத்தமாகப் போனாலும் போகும். விற்றால் நிச்சயம் தராசு. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தேன். அதற்குள் மாமனார் ஆள் அனுப்பியிருந்தார்: "மாப்பிள்ளைக்காகத் தராசு காத்துக்கிட்டிருக்குன்னு சொல்லச் சொன்னாவ." இரண்டு நாள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்க்கும்படியாக அதில் எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கியர் துள்ளாமல் நிற்க ஒரு வழி இருப்பதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்காகக் கோவிலுக்குப் போகும்போது என் மனைவிதான் கண்டுபிடித்தாள். முன் சீட்டில் இருந்தவள், கம்பி துள்ளப் போன நேரம் பார்த்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி வெண்ணெயாக ஓடியது. கோவில் வாசலில் இறங்கியபோது அவள் உள்ளங்கை சிவந்திருந்தது.

வண்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் நெய் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் கார் பார்க்க வந்தார். "என்னய ஊருல கொண்டு விடு தம்பி. போற வழியிலயே பாத்துருதேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தால் கம்பி துள்ளுவது தெரிந்துபோகும். பிறகுதான் யோசனை வந்தது: காருக்குச் சொந்தக்காரராகப் போகிறவர் டிரைவர் பக்கத்திலா உட்காருவார்? கௌரவம் என்னாவது? நினைத்தபடியே குடையை ஊன்றிக்கொண்டு பின் சீட்டில் சாய்ந்துவிட்டார்.

"எம் பெஞ்சாதிக்கும் அங்க ஒரு சோலி இருக்கு, முன்னால ஏறிக்கிடட்டுமா?" என்றேன்.

"தாராளமா."

டாப் கியர் போட்டதும் நான் இருமுவது, உடனே அவள் முந்தானையைக் கம்பிமேல் போட்டுப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. கம்பியை மாற்றும்போதெல்லாம் இருமினேன்.

"இருமல் சாஸ்தியா இருக்கே தம்பி. நெய்யில மிளகப் பொரிச்சுத் தின்னு. நெய்யி நம்மகிட்ட வாங்கு" என்றார் பெரியவர். செத்த நேரம் கழித்து, "வண்டி நல்லா வழுக்கிட்டுத்தான் போவுது. ஆமா, அந்தம்மா ஏன் குனிஞ்சே இருக்கு?"

"காருன்னா எனக்குப் பயம் ஐயா. எதையாச்சும் புடிச்சுக்கிட்டாத்தான் மனசு நிக்கும்" என்றாள் அவள், திரும்பாமலே.

பாதி வழி தாண்டியிருப்போம். விலையையும் அவரே சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பு இருந்தால்தானே?

"வண்டிய வித்துட்டு என்ன பண்ணப் போற?" என்றார்.

ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று, அது மாமனார் கடை என்பதை விழுங்கிவிட்டு அடையாளத்தை மட்டும் சொன்னேன்.

"அட, அந்த ஜெபக்காரரா! அவர எனக்குத் தெரியுமே. ஒரு நா காலையில போயி மாட்டிக்கிட்டேன். நெய் டின்னத் தலையில வச்சவன எறக்க விடல, அம்புட்டு நேரம் ஜெபம்!" பெரியவர் குலுங்கிச் சிரித்தார். "யாரோ ஒரு சோம்பேறி மாப்பிள்ளையாம். அவனத் திருத்துன்னு கண்ணீர் விடுறாரு. ஆமா தம்பி, நீயும் அங்கனதான இருக்க? யாரு அந்தக் கழுத?"

நான் இருமினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறி எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்தாள்.

கம்பி துள்ளியது. என்ஜின் அலறியது. பெரியவரின் குடை முன் சீட்டுக்கு வந்தது.

"என்னது! என்னது!"

"டாப் கியர் நிக்காது ஐயா. இம்புட்டு தூரமும் நாந்தான் புடிச்சுக்கிட்டு வாரேன்" என்றாள். "அந்தக் கழுதயும் இவியதான்."

பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ குடையை வாங்கிக்கொண்டு இறங்கி, பின்னால் வந்த மாட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

சாலையில் நாங்களும் வண்டியும். தலையில் கை வைத்துக்கொண்டு மட்கார்டில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, கையில இருந்தத இப்படி நழுவ விட்டியே. இனி நான் என்ன செய்வேன்?"

"கண்டவன் கழுதங்கான், நீங்க இருமிக்கிட்டு இருக்கீங்க. எங்கப்பா கடையில நீங்க தராசப் பிடிக்கிறதுக்கு, சாகுற வரைக்கும் நான் இந்தக் கம்பியப் பிடிக்கேன்" என்றாள். "ஏறுங்க. மெக்கானிக் வீட்டுக்கு விடுங்க. பல்லு வைக்கச் சொல்லுவோம்."

"பிச்சுக்கிச்சுன்னா?"

"பிச்சுக்கிட்டா ரெண்டு பேரும் நடப்போம்."

மெக்கானிக் இரும்பை உருக்கி வைத்து, ஒவ்வொரு பல்லாக அராவி முடித்தார். பெட்டியை மூடி முறுக்கிவிட்டு, சோதிக்க வாரேன் என்று சொன்ன மனிதர் கடைசி நேரத்தில் ஏற மறுத்துவிட்டார். "எனக்கு நாலு புள்ளைங்கண்டி" என்றார்.

நாங்கள் இருவருமே கிளம்பினோம். மாமனார் கடை வாசலைத் தாண்டும்போது உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அன்று ஒரு நாள், அது பலிக்கட்டும் என்று நானும் மனதுக்குள் ஆமென் போட்டேன். ஊர் எல்லை தாண்டி டாப் கியர் போட்டேன். பழக்கத்தில் இருமினேன். அவள் கம்பியைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் கையை நிறுத்தி வைத்துக்கொண்டாள், கோழிக்குஞ்சை அமுக்கக் காத்திருப்பவள்போல.

ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அதைவிடப் பெரிய முனகல் என்னிடமிருந்து. தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. கம்பி அசையவில்லை. கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது என் சட்டை பிழிய வேண்டிய நிலையில் இருந்தது.

"நின்னுருச்சுட்டி!" என்றேன்.

அவள் அப்போதும் கையை இறக்கவில்லை.

"இருங்க" என்றாள். "இன்னும் திரும்பிப் போவணும்லா?"