கைகளைப் பின்னால் கட்டிக்கொள்பவர்

மகள் அடம்பிடித்துத் தரையில் விழுந்ததும் அவர் முதலில் தாள் கட்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளுவார். கத்தரிக்கோலை எடுத்து மேலே வைப்பார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"நான் இங்கதான் இருக்கேன். நீ அழு."

அவ்வளவுதான். கடைக்கு வந்தவர்கள் நிற்க வேண்டியதுதான்.

அது ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். அந்த இடத்துக்குள் ஓர் இயந்திரம், ஒரு மேசை, முனகும் மின்விசிறி, இரண்டரை வயது மகள். மனைவிக்கு மருத்துவமனை லேபில் வேலை. காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார். ஆகவே மகள் கடையில் வளர்கிறாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மேனேஜர். "என்ன, மேனேஜர் இன்னிக்கு லீவா?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவார்கள்.

மேனேஜருக்கு வேண்டியது இயந்திரத்தின் பச்சைப் பொத்தான். அழுத்தினால் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சம் நடந்து போகும். அந்தப் பக்கம் சூடாக ஒரு தாள் நாக்கை நீட்டும். யாருக்குத்தான் ஆசை வராது? நாள் முழுக்க அழுத்துவேன் என்கிறாள் அவள். கடை மூடும்போது ஒரே ஒரு தடவை என்கிறார் அவர். இருவருக்கும் இடையில் வேறு தகராறே கிடையாது. ஆனால் இந்த ஒன்று தினமும் நடக்கிறது, தெருமுனை வரை கேட்கிறது.

முதுகு வில்லாக வளையும். செருப்பு ஒன்று பறக்கும். உள்ளே போன மூச்சு வெளியே வர மறந்ததுபோல் ஒரு நொடி நிற்கும். நகலெடுக்கக் கொண்டுவந்த கவிதைப் புத்தகத்தோடு நான் ஒதுங்கி நிற்கும் மூலை உட்பட மொத்தக் கடையும் அந்த மூச்சுக்காகக் காத்திருக்கும். அப்புறம் வரும் பாருங்கள், ஒரு கத்தல்.

"பாவம்ங்க, என் பேப்பர்ல ஒண்ணே ஒண்ணு அழுத்தட்டுமே" என்றார் ஒருநாள் வக்கீல் குமாஸ்தா, காதைப் பொத்திக்கொண்டு.

"அழுதா கிடைக்கும்னு தெரிஞ்சிட்டா, நாளைக்கு நீங்க வரும்போது இதவிட சத்தமா அழுவா சார். உங்க காதுக்குத்தான் கஷ்டம்."

"அது சரி. கைய எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய விட்டா ஒண்ணு, பட்டுனு அடிச்சிரும். இல்லாட்டி அவள தூக்கிப் பொத்தான்கிட்ட கொண்டுபோயிரும். ரெண்டையும் பண்ணியிருக்குங்க இந்தக் கை. அதான் புடிச்சு உள்ள போட்டுட்டேன்."

கத்தல் தேய்ந்து விக்கலாகும்போது குனிந்து கேட்பார்: "முடிஞ்சுதா?" சில நாள் அந்தக் கேள்வியே இன்னொரு சுற்றைக் கிளப்பிவிடும். "சரி, இன்னும் முடியல" என்று மறுபடி நிமிர்ந்துகொள்வார். முடிந்துவிட்டால், கைகள் இரண்டும் முன்னால் வந்து விரியும். ஒழுகும் மூக்கோடு ஓடிவந்து சட்டையில் விழுவாள். இடது தோளில் மைக்கறை, வலது தோளில் மகள்.

சொன்ன சொல் அவருக்கும் சேர்த்துத்தான். ஒரு மாலை மறதியில் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். இடுப்பில் இருந்தவள் அழவில்லை. உள்ளே விரலை மட்டும் நீட்டினாள். "ஐயையோ, தப்பு என்னுதுதான் மேனேஜர்." ஷட்டர் மேலே ஏறியது. இயந்திரம் சூடாகும்வரை இருவரும் அதன் முன் நின்றார்கள். அவள் அழுத்தினாள். வெற்றுத்தாள் ஒன்று வெற்றுத்தாளாகவே வெளியே வந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இதிலெல்லாம் துளியும் நம்பிக்கையில்லாதவர் அவருடைய அக்கா. "புள்ளைய அழவிட்டு எதிர்ல உக்காந்து வேடிக்கை பாக்கறான், இவனெல்லாம் ஒரு அப்பன்!" குழந்தையைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்க்கிறேன் என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக் களைப்பில் மனைவியும் "பாக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டாராம்.

"அவ போயிட்டா கடை அமைதியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் அவர் என்னிடம், தாளைத் தட்டி அடுக்கியபடி. "அந்த அமைதிய நெனச்சாத்தாங்க எனக்கு பயமா இருக்கு."

போன சனிக்கிழமை கடை மூடும் நேரத்தில் அக்கா வந்துவிட்டார். தோளில் ஒரு பெரிய பை. "துணிமணியெல்லாம் எடுத்தாச்சு. ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும். புடிச்சுப் போச்சுன்னா அங்கயே இருந்துட்டுப் போறா."

அவர் மகளை முக்காலியில் ஏற்றி நிறுத்தினார். அன்றைய ஒரு தடவை. அழுத்தினாள், தாள் வந்தது.

"இன்னொண்ணு அழுத்துடி தங்கம். அத்தை சொல்றேன்ல?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஷட்டர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளிக்கு" என்றாள்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "பாத்தியாடா! ஒரு பொத்தான அழுத்தக்கூட புள்ள பயப்படுது! என்ன பாடு படுத்தி வெச்சிருக்கே! பெரியவ ஒருத்தி சொல்றேனே, எனக்கு இங்க ஒரு மரியாதை உண்டா?" குரல் ஏறிக்கொண்டே போனது. காலால் தரையை ஓர் உதை உதைத்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

மகள் முக்காலியிலிருந்து இறங்கினாள். கீழே கிடந்த தாள் கட்டு ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தாள், அது நகரவில்லை. முக்காலியை அத்தைக்கு எதிரே இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். விரல்கள் அங்கே ஒன்றையொன்று எட்டவில்லை. இருந்தாலும் காத்திருந்தாள்.

அக்கா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் மகள் குனிந்து கேட்டாள்: "முஞ்சுதா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளின் கைகள் இரண்டும் முன்னால் வந்து விரிந்தன.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கைகளுக்குக் குனிய முடியாது. அக்கா பையை இறக்கி, இயந்திரத்தின்மேல் வைத்தார்.